அனாமத்துக் கணக்கு

போன வருஷம் ஒரு நண்பனுக்காக சபையில் ஜெபக்குறிப்பு கொடுத்தேன். நான் இதுவரை செய்த பாவங்களில் அது பெரியது என்று இப்போது நினைக்கிறேன்.

ஜெபம் பண்ணுவது எப்படிடா பாவமாகும் என்று கேட்கிறீர்களா? நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீங்களே தீர்ப்பு சொல்லுங்கள். (அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லாதே என்பதுதான் இந்தக் கட்டுரையே. பரவாயில்லை, என் விஷயத்தில் மட்டும் சலுகை.)

எங்கள் சபை திருநெல்வேலிப் பக்கம். பி.காம். படிக்கிறவன் என்ற ஒரே தகுதியில் என்னை வாலிபர் ஐக்கியத்துக்குப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். அசன வசூல், ரசீது புத்தகம், காணிக்கைக் கவர் எல்லாம் என் பொறுப்பு. இந்த நண்பன் பாடகர் குழுவில் டெனர் பாடுகிறவன். ஞாயிறு பள்ளியில் நானும் அவனும் ஒன்றாகத்தான் வசனம் மனப்பாடம் செய்து பரிசு டிபன் பாக்ஸ் வாங்கினோம். அவ்வளவு பழக்கம்.

போன வருஷம் ஜூன் வாக்கில் அவனிடம் ஒரு மாற்றம். சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுப் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டான். திருவிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் பீடத்துக்கு எழுந்து போகும்போது, இவன் மெல்ல வெளியே போய் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். அசன வசூல் நோட்டில் அவன் வீட்டுப் பெயருக்கு நேரே காலியாகவே இருந்தது. கடைசியாக ஒரு சனிக்கிழமை ராத்திரி, டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும்போது, டாஸ்மாக் கடை வாசலில் அவன் நிற்பதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

நாலையும் கூட்டினேன். விடை சுலபமாக வந்துவிட்டது. பையன் குடிக்க ஆரம்பித்துவிட்டான், பின்மாற்றத்தில் போய்விட்டான்.

அடுத்த வாரம் வாலிபர் கூடுகையில் ஜெபக்குறிப்பு கேட்டார்கள். நான் எழுந்து, "பெயர் சொல்ல விரும்பல. நம்ம பாடகர் குழுவுல ஒரு தம்பி கெட்ட பழக்கத்துல விழுந்துட்டாரு. கர்த்தர் அவரை விடுவிக்கணும்" என்றேன். குரலில் கொஞ்சம் நடுக்கம் வேறு சேர்த்துக்கொண்டேன். பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு எவ்வளவு வேகமாகப் பெயர் சொல்லும் என்று சபைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். ராத்திரி சாப்பாட்டுக்குள் அவன் அம்மா காதுக்குப் போய்விட்டது.

ரெண்டு வாரம் கழித்து, அவனிடம் இருந்த பாட்டு ஃபைலைத் திரும்ப வாங்க அவன் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டான்.

"எனக்காக ஜெபம் பண்ணுனியாமே?"

"ஆமால... எல்லாருந்தான் பண்ணுனோம்."

"அத்தன பேர்ட்ட சொல்லிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவனே சொன்னான். சனிக்கிழமைதான் அவன் அப்பாவுக்கு வாரக்கூலி கைக்கு வரும். வேலை விட்டதும் நேரே கடைக்குப் போய்விடுவார். இவன் வாசலில் காத்து நின்று, மிச்சம் இருக்கிற பணத்தையும் அப்பாவையும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டு வருவான். பாட்டுப் பயிற்சியும் அதே நேரம். அசன வசூல் ஏன் வரவில்லை என்பதற்குத் தனியாக விளக்கம் தேவையில்லை.

திருவிருந்துக்கு ஏன் வரவில்லை? அதையும் சொன்னான். "எங்கப்பா மேல எனக்கு அவ்வளவு வெறுப்பு இருக்கு. அத மனசுல வச்சிக்கிட்டு எப்படில அப்பத்த வாங்கச் சொல்ற?"

காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனோடு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். எங்கள் சபையில் அதை அப்படியே எடுத்துக்கொண்டவன் அவன் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். நான் எந்த மாதமும் தவறாமல் பீடத்துக்குப் போய் முழங்கால் போட்டவன். போகும்போது மத்தியானம் வீட்டில் பிரியாணியா குழம்பா என்று யோசித்துக்கொண்டே போனவன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தமிழில் 'விசாரிப்பது' என்று ஒரு சொல் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் நடப்பதும் விசாரணை, கோர்ட்டில் நடப்பதும் விசாரணை. காய்ச்சலில் படுத்திருக்கிறவரைப் போய்ப் பார்த்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பதும் விசாரிப்பதுதான். நம்முடைய பழைய தமிழ் வேதாகமத்தில் இந்தச் சொல் ரெண்டு பக்கமும் வருகிறது. மத்தேயு 25-இல் வியாதிப்பட்டவர்களைப் பார்க்கப் போவதற்கும், யாக்கோபு நிருபத்தில் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் கவனிப்பதற்கும் இதே சொல்தான். நான் நண்பனுக்குச் செய்தது முதல் வகை விசாரணைகூட இல்லை. கோர்ட்டில்கூட குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவனை ஒரு வார்த்தை பேச விடுவார்களே! நிக்கொதேமுவும் பரிசேயர் கூட்டத்தில் இதைத்தான் கேட்டார். ஒருவன் சொல்வதைக் கேட்காமலே அவனைக் குற்றவாளி என்று தீர்க்க நம் நியாயப்பிரமாணம் இடம் கொடுக்கிறதா என்று. யோவான் 7-இல் இருக்கிறது.

என் கதையை வேதாகமத்தில் தேடினால் சாமுவேல் முதல் புத்தகத்தின் முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது. சீலோவில் ஆலய வாசலில் ஆசாரியன் ஏலி உட்கார்ந்திருக்கிறார். அன்னாள் பிள்ளை இல்லாத துக்கத்தில் மனசுக்குள்ளே ஜெபிக்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. ஏலி பார்த்தார், வெறித்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார், அதட்டவும் செய்தார். எத்தனையோ வருஷம் ஆலயத்தில் ஊழியம் செய்த ஆசாரியருக்கு ஜெபத்துக்கும் குடிவெறிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கண் பார்த்தது உண்மைதான், உதடு அசைந்ததும் உண்மைதான். மிச்சத்தை அவர் மனசு எழுதிக்கொண்டது.

ஆனால் ஏலியிடம் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. அவர் அன்னாளைப் பற்றி வேறு யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. அவளிடமே சொன்னார். அதனால் பதில் சொல்ல அவளுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. நான் குடிக்கவில்லை, மனக்கிலேசத்தில் இருக்கிறேன் என்று அவள் விளக்கினாள். உடனே அந்தப் பெரிய மனுஷர் தன் தீர்ப்பை வாபஸ் வாங்கிக்கொண்டு ஆசீர்வதித்து அனுப்பினார். நான் ஏலியைவிட ஒரு படி கீழே. நேரே போய்த் திட்டியிருந்தால்கூட அன்றைக்கே உண்மை தெரிந்திருக்கும்.

இதே சீலோவில் அதற்கு முன்னால் நடந்த இன்னொரு சம்பவம் யோசுவா 22-இல் வருகிறது. நம் பிரசங்கங்களில் அதிகம் கேட்காத அதிகாரம். ரூபன், காத் கோத்திரத்தாரும் மனாசேயின் பாதிக் கோத்திரத்தாரும் யோர்தானுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கப் போகிறார்கள். போகிற வழியில் ஆற்றங்கரையில் பெரிதாக ஒரு பலிபீடம் கட்டிவிடுகிறார்கள். செய்தி வந்ததும் மற்ற கோத்திரங்கள் எல்லாம் யுத்தத்துக்குச் சீலோவில் கூடிவிட்டன. போட்டிக்குப் பலிபீடம் கட்டிவிட்டார்கள், தேவனை விட்டுப் போய்விட்டார்கள் என்பது அவர்கள் முடிவு.

ஆனால் கத்தியை உருவும் முன்னால் ஆசாரியனான பினெகாசையும் பத்துத் தலைவர்களையும் அனுப்பினார்கள். போனவர்கள் ரொம்ப மென்மையாகப் பேசினார்கள் என்றும் சொல்ல முடியாது, குற்றம் சாட்டிக்கொண்டேதான் ஆரம்பித்தார்கள். ஆனாலும் உங்கள் பகுதி சரியில்லை என்றால் எங்கள் பக்கம் வந்து எங்களோடு குடியிருங்கள் என்று ஒரு வழியையும் காட்டினார்கள். பிறகு, பதிலைக் கேட்டார்கள். பதில் என்ன தெரியுமா? அது பலி செலுத்துவதற்கான பீடமே அல்ல. நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, நடுவில் ஆறு இருக்கிறது, உங்களுக்கும் எங்கள் தேவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிடக் கூடாதே, அதற்குச் சாட்சியாகக் கட்டினோம் என்றார்கள். பிரிந்து போகிறார்கள் என்று எதை வைத்து முடிவு கட்டினார்களோ, அதைப் பிரிந்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான் அவர்கள் கட்டியிருக்கிறார்கள். பினெகாஸ் ஆற்றைத் தாண்டிப் போகாமல் இருந்திருந்தால் ஒரு உள்நாட்டுச் சண்டையே நடந்திருக்கும்.

இயேசுவைப் பாருங்கள். எல்லாம் தெரிந்தவர் என்று நாம் நம்புகிறவர். அவர்தான் அதிகமாகக் கேள்வி கேட்கிறார். பெதஸ்தா குளத்தில் 38 வருஷம் படுத்துக் கிடந்தவனிடம் சுகமாக விருப்பமா என்று கேட்கிறார். குருடன் பர்திமேயுவிடம், உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். பார்த்தாலே தெரியாதா? தெரியும். இருந்தாலும் அவன் வாயால் சொல்ல இடம் கொடுக்கிறார். எல்லாம் தெரிந்தவரே கேட்கும்போது, பாதி தெரிந்த நான் கேட்காமல் முடிவு கட்டினால் அது என்ன கணக்கு?

நம்ம ஊர் சரித்திரத்திலும் ஒரு உதாரணம் இருக்கிறது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய சீகன்பால்குவைப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர் என்று மட்டும்தான் நமக்குத் தெரியும். அவர் செய்த இன்னொரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சுற்றியிருந்த தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார். உங்கள் நம்பிக்கை என்ன, பழக்கவழக்கம் என்ன, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று. 1712 முதல் 1714 வரை வந்த பதில் கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரத்தில் அச்சாயின. கேட்டால் பதில் வரும் இல்லையா? வந்தது. நீங்கள் குடிக்கிறீர்கள், சுத்தபத்தமாக இல்லை என்றெல்லாம் நம் ஆட்கள் தயங்காமல் எழுதினார்கள். அடுத்தவன் கண்ணில் இருக்கிற துரும்பைப் பார்க்கப் போனவருக்குத் தங்கள் கண்ணில் இருக்கிற உத்திரத்தைப் பற்றி எழுத்து மூலமாகவே ஓலை வந்துவிட்டது! உண்மையாகக் கேட்கிறவனுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அதனால்தான் நாம் கேட்பதில்லையோ என்னவோ.

இத்தனைக்கும் அவர் மதம் மாற்ற வந்தவர், தமிழர்களுடைய தெய்வ வழிபாடு தப்பு என்றுதான் கடைசிவரை நம்பினார். ஆனாலும் தமிழ் நூல்களைத் தேடிப் படித்து, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலையே 1713-இல் எழுதி முடித்து ஊருக்கு அனுப்பினார். அங்கே அதை அச்சேற்ற மனசு வரவில்லை. கடைசியில் 1867-இல்தான் சென்னையில் அச்சானது. 154 வருஷம்! தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவன் எழுதியதை, முன்பே முடிவு கட்டியவர்கள் இருக்கும் இடத்தில் அச்சேற்ற இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

இப்போது ஒரு கேள்வி வரும். எங்கள் ஐக்கியத்தில் இதைப் பேசியபோது ஒரு அண்ணன் கேட்டதுதான். "அப்போ எதையுமே தப்புன்னு சொல்லக் கூடாதா? எல்லாருக்கும் ஒரு கதை இருக்கும். திருடனுக்கும் இருக்கும்."

நியாயமான கேள்வி. மத்தேயு 7-இல் இயேசு துரும்பை அப்படியே விட்டுவிடு என்று சொல்லவில்லை. முதலில் உன் உத்திரத்தை எடு, அப்போதுதான் துரும்பை எடுக்க உனக்குக் கண் தெளிவாகத் தெரியும் என்கிறார். அதே அதிகாரத்தில் மரத்தை அதன் கனியால் அறியலாம் என்றும் இருக்கிறது. யாராவது ஒரு குழந்தையையோ பெண்ணையோ துன்புறுத்துகிறான் என்றால், அவன் ஏன் அப்படி ஆனான் என்று ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருப்பது கிறிஸ்தவம் இல்லை. முதலில் பாதிக்கப்பட்டவரைக் காப்பாற்ற வேண்டும், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல வேண்டும். அங்கேயும் முதலில் விசாரிக்க வேண்டியது பாதிக்கப்பட்டவரைத்தான். அவர்கள் சொல்வதை யாரும் கேட்காததால்தான் பல இடங்களில் அந்த அநியாயம் வருஷக்கணக்கில் நடக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கேட்காமல் 'கெட்டவன்' என்று எழுதுவது மட்டும் தீர்ப்பு அல்ல. கேட்காமல் 'நல்லவன்' என்று எழுதுவதும் தீர்ப்புதான். ஆடிட்டிங் பாடத்தில் எங்களுக்கு சத்யம் நிறுவனத்தைச் சொல்லிக்கொடுப்பார்கள். 2009 ஜனவரியில் அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். வங்கியில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை. அந்த வங்கிகளிடம் நேரடியாகக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டிய அடிப்படை வேலையில்தான் ஓட்டை விழுந்தது. பெரிய கம்பெனி, பெரிய மனுஷர் என்று நினைத்தால் கேள்வி வாயிலேயே நின்றுவிடும். சபையில் கோட் போட்டு முன்வரிசையில் உட்காருகிறவரை நாம் கேள்வி கேட்பதில்லை, வாசல் பக்கம் நிற்கிறவனுக்கு மட்டும் ஜெபக்குறிப்பு!

ஆக, கேட்பது என்பது கண்டுகொள்ளாமல் விடுவது அல்ல. அதே சமயம் துருவுவதும் அல்ல. 1896-இல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கில் ஒரு நீதிபதி, ஆடிட்டர் காவல் நாய்தான், வேட்டை நாய் இல்லை என்ற கருத்தில் தீர்ப்பு எழுதினார். பி.காம். படித்த எல்லோருக்கும் தூக்கத்தில் எழுப்பினாலும் இது வரும். சபைக்கும் இது பொருந்தும் என்று எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது. "என்ன தம்பி, வேலை கிடைச்சிட்டா? கல்யாணம் எப்போ? ஏன் இன்னும் குழந்தை இல்ல?" என்று மோப்பம் பிடிப்பதை நான் ஆதரிக்கவில்லை. எனக்குத் தெரிந்த வித்தியாசம் இதுதான். ஒருவனைப் பற்றி மற்றவர்களிடம் கேட்டால் அது வம்பு. அவனிடமே கேட்டு, அவன் சொல்ல விரும்பவில்லை என்றால் அதையும் ஏற்றுக்கொண்டால், அது விசாரிப்பு.

சரி, தலைப்புக்கு வருகிறேன். (ஒருவழியாக!)

இருப்பாய்வு, அதாவது டிரையல் பேலன்ஸ் போடும்போது பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் ஒத்துப்போக வேண்டும். போகவில்லை என்றால்? வித்தியாசத் தொகையைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கு என்று ஒன்றில் போட்டுவைப்போம். ஆங்கிலத்தில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். காரணம் தெரியும்வரை அது அங்கே இருக்கும். உதாரணத்துக்கு 540 ரூபாய் இடிக்கிறது என்று வையுங்கள். 540 ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். அப்படியென்றால் எங்கேயோ இலக்கத்தை மாற்றிப் போட்டிருக்கலாம் என்று தேடுவோம். தேடினால் ஒரு இடத்தில் 930-ஐ 390 என்று பேரேட்டில் ஏற்றியிருப்போம். திருத்தியதும் அனாமத்துக் கணக்கு தானாகத் தீர்ந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியவை ரெண்டு. ஒன்று, 540 ரூபாய் இடித்ததும் யாரும் வாடிக்கையாளரைத் திருடன் என்று எழுதுவதில்லை. தெரியவில்லை என்றுதான் எழுதுகிறோம். ரெண்டு, தேடிப் பார்த்தால் பிழை நம் புத்தகத்தில்தான் இருக்கும். நாம் கூட்டியது தப்பு, நாம் ஏற்றிய பக்கம் தப்பு. உத்திரம் யார் கண்ணில் என்பது இங்கே சரியாகத் தெரிந்துவிடுகிறது.

மூன்று வருஷமாகப் பணத்துக்கு நான் இதைச் செய்கிறேன், பரீட்சையில் மார்க்கும் வாங்குகிறேன். ஒரு மனுஷனுக்குச் செய்யத் தோன்றவில்லை. பயிற்சிக்கு வரவில்லை, பீடத்துக்கு வரவில்லை, பணம் வரவில்லை, கடை வாசலில் நின்றான். நாலும் உண்மையான பதிவுகள். அந்த நாலையும் அனாமத்தில் வைத்துவிட்டு, "என்னல, கொஞ்ச நாளா ஆளையே காணோம், நல்லா இருக்கியா?" என்று ஒரு டீக்கடையில் உட்கார்ந்து கேட்டிருந்தால் போதும். பத்து ரூபாய் டீ. அதற்குப் பதிலாக நான் ஒரு குடும்பத்தின் மானத்தைக் காணிக்கைத் தட்டில் போட்டுச் சுற்றுக்கு விட்டேன்.

ஆகவே இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். யாரைப் பற்றியாவது 'இவன் இப்படித்தான்' என்று மனசுக்குள் எழுதப் போகும்போது, அவனிடம் நான் கேட்ட கடைசிக் கேள்வி எது என்று யோசித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. அப்படியானால் அனாமத்து. ஜெபம் பண்ண வேண்டும் என்று தோன்றினால் பண்ணுகிறேன், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு. கூட்டத்தில் சொல்ல வேண்டுமானால் சம்பந்தப்பட்ட ஆளிடம் கேட்டுவிட்டுத்தான்.

அவன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். வாலிபர் கூடுகையில் எழுந்து நின்று நான் செய்தது தப்பு என்று சொன்னேன். அவன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். அம்மா காபி கொடுத்தார்கள், ஆனால் பேசவில்லை. அவன் இப்போது பக்கத்து ஊர் சபைக்குப் போகிறான். அப்பா இன்னும் குடிக்கிறார். என்னைப் பார்த்தால் சிரிப்பான், நின்று பேசுவான். ஆனால் முன்பு மாதிரி இல்லை. எல்லா அனாமத்தும் தீர்ந்துவிடாது போல.

பி.கு.: இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டு, எழுதியதையும் அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அப்பாவைப் பற்றி ரெண்டு வரியை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன். அப்புறம் இன்னொரு திருத்தம் சொன்னான். "நான் டெனர் இல்லல, பேஸ்." பத்து வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்! அந்தத் தப்பை மட்டும் மேலே அப்படியே விட்டிருக்கிறேன்.